வேதாளத்தின் கேள்வியும் மூன்று நிமிடப் படமும்

அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் மறந்திருக்காது. ஓவியர் சங்கர் வரைந்தது. கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், சுற்றிலும் இருட்டு. விக்கிரமாதித்தன் வாய் திறவாமல் நடக்க வேண்டும். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் வழிநெடுகக் கதை சொல்லும். கதை முடிகிற இடத்தில் முடியாது, ஒரு கேள்வியில் போய் நிற்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அடுத்த மாத இதழுக்காக நாம் காத்திருந்தது கதைக்காக என்றுதான் அப்போது நினைத்தோம். இப்போது யோசித்தால் அந்தக் கேள்விக்காகத்தான் என்று படுகிறது. அரசனின் விடை இருக்கும் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு அண்ணனும் நானும் ஆளுக்கொரு பதில் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறோம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மும்பைப் புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியனாக இருந்த காலத்தில், பத்தாண்டுகளுக்கு மேல் ஒரு விநோதமான பாடத்தை நடத்தினேன். கல்லூரி மாணவர்களுக்குச் சிக்கல் தீர்க்கும் திறனைக் கதை வழியாகக் கற்பிப்பது. வாயால் சொல்லும் கதை அல்ல. கணினியில் படமும் குரலும் கோத்துச் செய்யும் இரண்டு மூன்று நிமிடக் கதை. டிஜிட்டல் கதைசொல்லல் என்கிறார்கள். எண்ணிமக் கதைசொல்லல் என்று தமிழாக்குவோரும் உண்டு. நான் என் சௌகரியத்துக்கு 'டிஜிட்டல் கதை' என்றே எழுதுகிறேன், அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இப்போது பல பல்கலைக்கழகங்களில் இது நல்ல பெயர் வாங்கிய முறை. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் பள்ளிக்கூடப் பகுதியில் கதைவழிக் கற்பித்தலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நல்ல பெயர் வாங்கிய எதையும் ஒரு தடவை உரசிப் பார்ப்பது நல்லது. அதுவும் அதை வகுப்பில் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவன் உரசினால் இன்னும் நல்லது.

இந்த முறை பிறந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. டேனா அட்ச்லி என்றொரு கலைஞர். தன் குடும்பப் படங்களையும் பழைய காணொளித் துண்டுகளையும் மேடையில் கணினி வழியே ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்வார். நாடகக்காரரான ஜோ லாம்பர்ட் அவருடன் சேர்ந்தார். இருவரும் நண்பர்களோடு 1994-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மையம் தொடங்கினார்கள். அது 1998-இல் பெர்க்லிக்கு இடம் மாறி டிஜிட்டல் கதைசொல்லல் மையம் ஆயிற்று. 2015 முதல் ஸ்டோரிசென்டர் என்று பெயர். அட்ச்லி 2000-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

அவர்கள் வகுத்த பட்டறை எளிமையானது. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்வார்கள். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு அதைச் சுமார் 250 சொற்களில் எழுதித் தன் குரலிலேயே பதிவு செய்து, கையிருப்பில் உள்ள நிழற்படங்களைக் கோக்க வேண்டும். மூன்று நாளில் முடிந்துவிடும். பிரிட்டனில் டேனியல் மெடோஸ் இதைக் கற்றுக்கொண்டு போய், பி.பி.சி.யும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய 'கேப்சர் வேல்ஸ்' திட்டமாக 2001 முதல் 2008 வரை ஊர் ஊராக நடத்தினார். மெடோஸ் சாமானியப்பட்டவர் அல்ல. 1973-இல் ஒரு பழைய இரட்டை மாடி பஸ்ஸை வாங்கிக்கொண்டு இங்கிலாந்து முழுக்கச் சுற்றி, வழியில் கண்டவர்களை இலவசமாகப் படமெடுத்துக் கையில் கொடுத்தவர். இந்தச் சின்னப் படங்களைச் சானட் என்னும் பதினான்கு வரிப் பாடலோடு அவர் ஒப்பிட்டதுண்டு. நமக்கு வெண்பா என்று வைத்துக்கொள்ளலாம். இடம் குறைவு, தளை தட்டக்கூடாது, ஈற்றடி நிற்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்ச்லியும் லாம்பர்ட்டும் மெடோஸும் சிக்கல் தீர்க்கக் கற்பிக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். வாய் திறக்க இடம் கிடைக்காத சாதாரண மனிதர்களுக்குக் குரல் கொடுப்பதே அவர்கள் நோக்கம். அந்த வேலைக்கு அது அருமையான கருவி. கருவி ஒன்று, வேலை வேறு என்று ஆனபோதுதான் தொல்லை.

சிக்கல் தீர்ப்பதன் சரித்திரம் தனி. அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றின் பங்காளியான அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1953-இல் ஒரு புத்தகம் எழுதினார். 'பிரெய்ன்ஸ்டார்மிங்' என்று இன்று எல்லா அலுவலகங்களிலும் டீயும் பிஸ்கட்டும் வைத்து நடக்கிறதே, அதைப் பரப்பிய புத்தகம் அது. பின்பு சிட்னி பார்ன்ஸ் அதைப் படிப்படியான பாடமாக்கினார். விவரம் தேடு, சிக்கல் எது என்று கண்டுபிடி, யோசனைகளைக் குவி, தீர்வைத் தேர்ந்தெடு, மற்றவர்கள் ஏற்கும்படி செய் என்று போகும். நம் கல்லூரிகளில் மூன்றாவது படியில்தான் ஆரம்பிக்கிறோம். இரண்டாவது படியை ஆசிரியரே செய்து கரும்பலகையில் எழுதிவிடுவார்.

அந்த இரண்டாவது படியில்தான் விஷயம் இருக்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. கெட்சல்ஸ், சிக்ஸென்ட்மிஹாய் என்ற இருவர் 1976-இல் நூலாக வெளியிட்டது. சிகாகோ கலைப் பள்ளி மாணவர்கள் 31 பேரை ஓர் அறைக்கு வரவழைத்து, மேசைகளில் 27 பொருள்களை வைத்து, விருப்பப்பட்டதை எடுத்து அடுக்கிப் படம் வரையச் சொன்னார்கள். சிலர் சட்டென்று நாலு பொருளை எடுத்து வைத்து வரைய உட்கார்ந்தார்கள். சிலர் எடுத்தார்கள், தடவிப் பார்த்தார்கள், மாற்றி வைத்தார்கள், பாதி வரைந்தபின் மறுபடி மாற்றினார்கள். எதை வரைவது என்பதில் நேரம் செலவழித்த இந்த இரண்டாம் வகையினரின் படங்களையே பார்த்தவர்கள் புதுமையானவை என்றார்கள். பல வருஷம் கழித்துப் பார்த்தபோது கலைஞர்களாக நிலைத்ததிலும் அவர்களே முந்தியிருந்தார்கள். நம் மொழியில் சிக்கல் என்ற சொல்லே இதைச் சொல்லுகிறது. நூல் சிக்கினால் இழுக்கக்கூடாது, நுனியைத் தேட வேண்டும்.

இப்போது என் வகுப்புக்கு வருகிறேன். 2008-ஆம் வருஷம் என்று ஞாபகம். "இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் கிரியேட்டிவிட்டி பற்றி ஏதாவது நடத்துங்க சார், புதுசா இருக்கணும்" என்று மேலிடத்தில் சொன்னார்கள். நான் டிஜிட்டல் கதையைப் பற்றிப் படித்திருந்தேன். கணினிக்கூடத்தில் மூவி மேக்கர் மென்பொருள் இலவசமாக இருந்தது. குழுக்களாகப் பிரித்து, 'உங்களைச் சுற்றியுள்ள ஒரு பிரச்சினையையும் அதன் தீர்வையும் மூன்று நிமிடத்தில் கதையாகச் சொல்லுங்கள்' என்றேன். பதினோரு படங்கள் வந்தன. குப்பை, மழைநீர், ரயில் நெரிசல், பெண் குழந்தை, பிளாஸ்டிக். ஒன்பதில் புல்லாங்குழல். அழும் குழந்தையின் படம் இணையத்திலிருந்து எடுத்தது. ஒரே குழந்தை மூன்று படங்களில் மூன்று வெவ்வேறு பிரச்சினைகளுக்காக அழுதது! கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'நாம் மாறினால் நாடு மாறும்' ரகமாக ஒரு வாசகம். விளக்கைப் போட்டதும் பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

பார்க்க வந்திருந்த இயந்திரவியல் துறை நண்பர் ஒருவர், மராட்டியர், வெளியே வந்ததும் கேட்டார்: "எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் இந்தப் படங்களைச் செய்ததற்கு முன்னால் இவர்களுக்குத் தெரியாத எது, செய்தபிறகு தெரிந்தது?" எனக்குச் சுரீர் என்றது. பதில் இல்லை. முடிவு தெரிந்த கதையைப் படமாக்கினால் அது விளம்பரம்தான்.

அடுத்த வருஷம் விதியை மாற்றினேன். பிரச்சினை பற்றிக் கதை கூடாது, ஒரே ஒரு மனிதரைப் பற்றி இருக்க வேண்டும். அவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இணையப் படங்கள் கூடாது. பன்னிரண்டு படம், 250 சொல், சொந்தக் குரல்.

அந்த வகுப்பில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். கணினித் துறை, கெட்டிக்காரன். வயதானவர்கள் மாத்திரை சாப்பிட மறந்துவிடுகிறார்கள், அதற்குக் கைப்பேசியில் அலாரம் அடிக்கும் ஒரு செயலி செய்யப்போகிறேன் என்று ஏற்கனவே தீர்மானித்துவிட்டான். படத்துக்கு அவனுடைய பாட்டியே நாயகி. சயானில் ஓர் அறையும் சமையலறையுமாக உள்ள வீடு. அப்பா, அம்மா, இவன், பாட்டி. பாட்டிக்குக் கால் வீக்கத்துக்காக நீர் பிரியும் மாத்திரை காலையில் ஒன்று, இரவு ஒன்று. மாதக் கடைசியில் பார்த்தால் இரவு மாத்திரை மட்டும் பாதிக்குமேல் மிச்சம் இருக்கும். டாக்டர் திட்டுவார். "மறதி சார், வயசாயிடுச்சில்ல" என்றான் பையன்.

பாட்டியிடம் பேசித் தன் நோக்கியா போனில் பதிவு செய்துகொண்டு வந்தான். கணினியில் போட்டு வெட்டி ஒட்ட உட்கார்ந்தான். ஆறு நிமிடப் பேச்சை நாற்பது வினாடியாகக் குறைக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. இருபது தடவையாவது கேட்டிருப்பான். அப்போதுதான் ஓரிடம் அவன் காதில் விழுந்தது. "ஏன் பாட்டி ராத்திரி மாத்திரை மறந்துபோறே?" என்று இவன் கேட்கிறான். கொஞ்சம் இடைவெளி. குக்கர் விசில் ஒன்று. பிறகு பாட்டி, "மறந்துட்டேன்னுதான் வெச்சுக்கோயேன்டா" என்கிறாள்.

மறந்துட்டேன் என்பது வேறு, மறந்துட்டேன்னு வெச்சுக்கோயேன் என்பது வேறு. தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நேரில் கேட்டபோது அவனுக்கு அது உறைக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். மறுநாள் போய்க் கேட்டிருக்கிறான். பாட்டி மழுப்பினாள். அன்றிரவு மாத்திரை டப்பாவைப் படமெடுக்கலாம் என்று விளக்கைப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டியின் கட்டிலருகிலிருந்து ஒரு படம் எடுத்தான். டப்பா சரியாக விழவில்லை. அதற்குப் பின்னால் குளியலறைக் கதவு வரை உள்ள வழி விழுந்திருந்தது. வழியை அடைத்துக்கொண்டு ஒரு பாய், தலையணை, புரண்டு கிடக்கும் போர்வை. அவனுடைய பாய்.

நீர் மாத்திரை போட்டால் இரவில் இரண்டு மூன்று தரம் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் பேரனைத் தாண்ட வேண்டும். பேரன் காலை ஐந்து மணிக்கு எழுந்து லோக்கல் ரயில் பிடிக்கிறவன். தாண்டும்போது ஒரு தடவை கால் இடறி அவன் மேலேயே விழப் பார்த்திருக்கிறாள். அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பையனின் படுக்கையை எங்கே மாற்றுவது என்று வீட்டில் பேச்சு வரும், அந்த வீட்டில் மாற்ற இடம் கிடையாது.

அலாரம் எதற்கு ஆகும்? ஞாபகம் இருப்பவளுக்கு மணி அடித்து என்ன பயன்?

பையன் டாக்டரிடம் போனான். விஷயத்தைச் சொன்னதும் அவர் இரவு மாத்திரையைப் பிற்பகல் நாலு மணிக்கு மாற்றிவிட்டார். "இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா?" என்றாராம். யார் சொல்வது? யாருக்குமே தெரியாதே. பாயும் தலைமாடு கால்மாடு திருப்பிப் போடப்பட்டு ஒரு முழம் வழி கிடைத்தது. செயலி செய்யப்படவே இல்லை.

கணினி இதில் செய்த வேலை என்ன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வண்ணமும் இசையும் படம் மெல்ல மறைந்து இன்னொன்று வருவதும் இந்தப் பையனுக்கு ஒன்றும் உதவவில்லை. உதவியவை இரண்டு. ஒன்று, சொன்னதைச் சொன்னபடியே மறுபடி மறுபடி கேட்க முடிந்தது. நம் பாட்டிமார்கள் சொன்னதை நாம் ஒரு தடவைதான் கேட்கிறோம், அதுவும் அரைக் காதில். இரண்டு, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டிய கட்டாயம். 250 சொல் என்ற அந்தத் தளை இல்லாவிட்டால் ஆறு நிமிடத்தையும் அப்படியே போட்டிருப்பான். அந்த இடைவெளியும் குக்கர் விசிலோடு போயிருக்கும். டிஜிட்டல் கதையின் பெருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பேசுவது படத்தைப் பற்றி. என் அனுபவத்தில் பெருமை முழுவதும் வெட்டும் மேசையில் இருக்கிறது.

சரி, அந்தப் படத்துக்கு எத்தனை மார்க்? இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நூற்றுக்கு 58. போட்டவன் நான்தான். மதிப்பீட்டுத் தாள் ஒன்று வைத்திருந்தேன். படத் தெளிவு, ஒலித் தெளிவு, இசைத் தேர்வு, வேகம், மொழிப் பிழையின்மை, தீர்வை முன்வைத்த விதம் என்று கட்டம் கட்டமாக. படம் இருட்டு, குக்கர் சத்தம், இசையே இல்லை, தீர்வில் தொழில்நுட்பம் பூஜ்யம். கட்டங்களைக் கூட்டினால் 58-தான் வந்தது. அதே தாளில் புல்லாங்குழல் கோஷ்டி ஒன்று 86 வாங்கியது. பையன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அந்தத் தாளை நானாக எழுதவில்லை. இந்த முறையின் பாடப்புத்தகங்களிலிருந்து எடுத்ததுதான். லாம்பர்ட் முதலில் ஏழு கூறுகள் சொன்னார்: நோக்குநிலை, நாடகக் கேள்வி, உணர்ச்சி, சொந்தக் குரல், பின்னணி இசை, சிக்கனம், வேகம். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் ராபின் அதை வகுப்பறைக்கு ஏற்றபடி பத்தாக விரித்தார். படத்தின் தரமும் இலக்கணச் சுத்தமும் தனித் தலைப்புகளாக வந்தது அப்போதுதான். ஆசிரியனுக்கு இது பெரிய சௌகரியம்; எண்ணிப் பார்த்து மார்க் போட்டுவிடலாம். அளக்க முடியாதது நாடகக் கேள்வி ஒன்றுதான். அதற்கும் அங்கே தரப்படும் விளக்கம் என்ன? பார்ப்பவரின் கவனத்தைப் பிடித்து வைக்கும் கேள்வி, கதை முடிவதற்குள் விடை கிடைத்துவிட வேண்டும் என்பது. சினிமாவுக்கு இது சரி. வேதாளம் இதை ஒப்புக்கொள்ளுமா? விடையைக் கதைக்குள் வைத்துவிட்டால் அரசனுக்கு என்ன வேலை? பின்னாளில் லாம்பர்ட் தம் ஏழு கூறுகளை ஏழு படிகளாக மாற்றி எழுதியபோது நாடகக் கேள்வி என்ற தலைப்பையே காணோம். உணர்ச்சி இருக்கிறது, உள்ளுணர்வு இருக்கிறது, கேட்பது, பார்ப்பது, கோப்பது, பகிர்வது எல்லாம் இருக்கிறது. அவர் நோக்கத்துக்கு அது பொருந்தும். சிக்கல் தீர்க்கக் கற்பிக்கப்போகிறேன் என்பவர் அந்தப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டால், எது வேண்டுமோ அதையே தொலைத்துவிடுகிறார்.

கதை கேட்டால் புத்தி தானே வளரும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பஞ்சதந்திரத்தில் விஷ்ணுசர்மன் மூன்று மக்கு அரசகுமாரர்களை ஆறே மாதத்தில் கதை சொல்லித் தேற்றியதைத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இருவர் 1980-இல் வெளியிட்ட சோதனை இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டிவிடும். கல்லூரி மாணவர்களிடம் ஒரு புதிர் கொடுத்தார்கள். ஜெர்மானிய உளவியலாளர் டுங்கர் முன்பே உருவாக்கியது. வயிற்றில் கட்டி, அறுவை செய்ய முடியாது, கதிர் பாய்ச்சலாம். கட்டியை அழிக்கும் அளவுக்குப் பலமாகப் பாய்ச்சினால் வழியிலுள்ள நல்ல சதையும் அழியும். மெதுவாகப் பாய்ச்சினால் கட்டிக்கு ஒன்றும் ஆகாது. என்ன செய்வது? பல திசைகளிலிருந்து மெலிந்த கதிர்களைச் செலுத்திக் கட்டியில் ஒன்றுகூடச் செய்ய வேண்டும். இதைத் தாமாகக் கண்டுபிடித்தவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். இன்னொரு கூட்டத்துக்கு முன்னதாக ஒரு கதை கொடுத்தார்கள். கோட்டையைப் பிடிக்க வந்த தளபதி, பெரும்படை நடந்தால் வெடிக்கும்படி வழிகளில் கண்ணி வைத்திருப்பதை அறிந்து, படையைச் சிறு சிறு பிரிவாக்கி எல்லா வழிகளிலும் ஒரே சமயத்தில் அனுப்புகிறான். அப்பட்டமாக அதே விடை! அப்படியும் தாமாகப் பொருத்திப் பார்த்தவர்கள் பத்தில் மூவர் அளவே. 'நீங்கள் படித்த கதை உதவலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னதும் நான்கில் மூவருக்கு விடை வந்துவிட்டது.

கதை அவர்களிடம் இருந்தது, கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். 1983-இல் அவர்களே இன்னொன்றும் கண்டார்கள். ஒரு கதைக்குப் பதில் ஒரே அமைப்புள்ள இரண்டு கதைகளைக் கொடுத்து, இரண்டுக்கும் என்ன ஒற்றுமை என்று எழுதச் சொன்னால், குறிப்பு இல்லாமலேயே விடை காண்பவர்கள் கூடுகிறார்கள். இதைப் படித்தபிறகுதான் என் வகுப்புக்கு ஒரு வழி பிறந்தது.

மூன்றாம் முறை மதிப்பீட்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன். படம் தீர்வுக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். கடைசிச் சட்டத்தில் ஒரு கேள்வி. படம் செய்தவர் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் ஆளுக்கொரு விடை எழுதித் தர வேண்டும். அதற்கப்புறம் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, இரண்டும் எங்கே ஒன்று என்று கேட்பேன். பாட்டியின் படத்தை அவள் அனுமதியோடு வைத்திருந்தேன். அதனுடன் வேறொரு மாணவியின் படம்: அவர்கள் கட்டடத்துக் காவலாளி இரவில் தூங்கிவிடுகிறார், அவருக்கு என்ன செய்வது என்று. எடுத்த எடுப்பில் எல்லோரும் கேமரா வைக்கலாம், அபராதம் போடலாம் என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபின் பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "அவர் பகல்ல எங்க சார் தூங்குறார்?" பகலில் இன்னொரு கட்டடத்தில் அவருக்கு இன்னொரு வேலை. தூங்குவதாகவே இல்லை. அதை அந்த மாணவியே அப்போதுதான் விசாரித்தாள்.

எல்லா வருஷமும் இப்படி நடந்தது என்று சொன்னால் பொய். சில வருஷம் மொத்த வகுப்பும் சப்பென்று போயிற்று. சில பேர் கேள்வியையே அலங்காரமாக்கினார்கள். 'மனிதம் எங்கே போயிற்று?' என்றால் அதற்கு யார் விடை எழுதுவது? பாலத்தின் பாரம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட வேண்டிய இடத்தில் கதை உதவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதர் நடமாடும் சிக்கல்களுக்குத்தான் இது. பொறியாளர்கள் சந்திக்கும் சிக்கல்களில் அப்படிப்பட்டவை அவர்கள் நினைப்பதைவிட அதிகம்.

இன்னொரு விஷயத்தில் நான் முதலில் அலட்சியமாக இருந்தேன். அடுத்தவர் வீட்டுக் கதையை வகுப்பில் ஓட்டலாமா? பாட்டியிடம் பையன் படத்தைக் காட்டியபோது அவள் முழுக்கப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி எனக்கு வழியில்லைன்னு வருதே, அதைக் கேட்டா உங்கம்மாவைத்தானே நாலு பேர் சொல்வாங்க? மருமக சரியில்லைம்பாங்க. அது வேண்டாம்டா" என்றாளாம். அந்த மருமகள்தான் காலை நாலரைக்கு எழுந்து மூன்று பேருக்கு டப்பா கட்டுகிறவள். பையன் தன் குரலில் ஒரு வரி சேர்த்தான், வீட்டின் நீள அகலத்தைச் சொல்லி. பதினான்கடிக்குப் பத்தடி. அந்த ஒரு வரி வந்ததும் குற்றவாளி யாரும் இல்லாமல் போய்விட்டார்கள். பெர்க்லிப் பட்டறையில் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் நம்பிப் பேசுவதற்கு அத்தனை நேரம் ஏன் ஒதுக்குகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நம் கல்லூரிகளில் முதலில் வெட்டியெறிவது அந்த நேரத்தைத்தான். கால அட்டவணையில் அதற்கு இடமில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் சொன்னால் 250 சொல் எழுதித் தருகிறது, குரலும் தருகிறது, அழும் குழந்தையையும் வரைந்து தருகிறது. மூன்று நாள் வேலை மூன்று நிமிடத்தில். என் பழைய தாளின்படி அதற்கு நூற்றுக்கு நூறு போட வேண்டியிருக்கும். பாட்டி "வெச்சுக்கோயேன்டா" என்று சொன்னதை மட்டும் எவனாவது போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தால்தான் உண்டு. வந்தாலும் பதிவைக் கருவியிடம் கொடுத்துச் 'சுருக்கிக் கொடு' என்று சொல்லாமல், தானே உட்கார்ந்து இருபது தடவை கேட்க வேண்டும். இன்றைய ஆசிரியர்களுக்கு இதுதான் பெரிய சோதனையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் ஒரு படம் வந்தது. தாராவியில் பிறந்து வளர்ந்த பெண். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் அம்மா தமிழில் பேச, இவள் இந்தியில் பதில் சொல்வாள். ஊரில் இருக்கும் ஆச்சியுடன் ஞாயிற்றுக்கிழமை போன். படத்தில் வேறு ஒன்றும் இல்லை, அந்தப் போன் பேச்சுத்தான். ஆச்சி "சாப்ட்டியாளா?" என்கிறாள். இவள் "சாப்ட்டேன்" என்கிறாள். ஆச்சி ஏதோ நீளமாகச் சொல்கிறாள். கிணறு, பக்கத்து வீட்டுக் கல்யாணம், கால்வலி என்று நமக்குப் புரிகிறது. இவள் "ஹாங், ஹாங்" என்கிறாள். போனை அம்மாவிடம் கொடுக்கிறாள். கடைசிச் சட்டத்தில் கேள்வி, ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள்: அம்மாவுக்கு அப்புறம் ஆச்சி சொல்வதை எனக்கு யார் சொல்வார்?

வகுப்பில் மராத்தி, குஜராத்தி, மலையாளி எல்லோரும் இருந்தார்கள். தமிழ் வகுப்பில் சேரலாம், மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேதாளத்தின் கடைசிக் கதையிலும் அப்படித்தான். தகப்பன் மகளையும் மகன் தாயையும் மணந்த அந்த முறைசிக்கலுக்கு விக்கிரமாதித்தன் வாயே திறக்கவில்லை, வேதாளமும் மரம் ஏறவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் எத்தனை மார்க் போட்டேன் என்பது நினைவில்லை. சென்ற வருஷம் மாட்டுங்காவில் கடைத்தெருவில் பார்த்தேன். வேலைக்குப் போகிறாளாம். "ஆச்சி எப்படி இருக்காங்க?" என்று தமிழில் கேட்டேன். "இருக்காங்க சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, மேற்கொண்டு இந்திக்கு மாறினாள்.